நசுக்குப்பலகை சொன்ன சேதி

கரீபியக் கடலில் ஒரு தீவு. அங்கே ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் ஒடேத்தும் அந்தப் பக்கம் மரிலூஸும் குடியிருந்தார்கள். இருவரும் கூடப் பிறந்தவர்கள். ஒடேத் மூத்தவள். ஏழு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தத் தீவில் வாழைக்காய் பொரிக்காத வீடு கிடையாது. பொரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பச்சைக்காயைத் தோல் சீவி, பெரிய துண்டுகளாக்கி, எண்ணெயில் அரைவேக்காடாகப் பொரித்து எடுக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் நசுக்கித் தட்டையாக்க வேண்டும். பிறகு பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் கலந்த உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, இரண்டு உதறு உதறி, மறுபடியும் எண்ணெயில் போட வேண்டும். அப்போதுதான் ஓரமெல்லாம் மொறுமொறுவென்று வரும்.

சண்டை வந்ததே இந்தத் தண்ணீரால்தான். ஒரு ஞானஸ்நான விருந்துக்கு இருவரும் ஒரே அடுப்பில் நின்று பொரித்துக்கொண்டிருந்தார்கள். அவசரத்தில் மரிலூஸ் துண்டுகளை உதறாமல் சொட்டச் சொட்டப் போட்டுவிட்டாள். எண்ணெய் தெறித்து ஒடேத்தின் மணிக்கட்டு வெந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில், "கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம்ல" என்றாள் மரிலூஸ். பதறிப்போய் உளறியதுதான். ஆனால் சொன்னது சொன்னதுதானே.

பேச்சு நின்றதும், அம்மா விட்டுப்போன சாமான்களைப் பிரித்துக்கொண்டார்கள். இரும்பு எண்ணெய்ச்சட்டி ஒடேத்துக்குப் போனது. உப்புத் தண்ணீர் கலக்கும் பீங்கான் கிண்ணம் மரிலூஸுக்கு வந்தது. நசுக்குப்பலகையைத்தான் பிரிக்க முடியவில்லை. கீல் போட்டுச் சேர்த்த இரண்டு பலகைகள் அது. நடுவில் வாழைக்காயை வைத்து மூடி அமுக்க வேண்டும். கீலைக் கழற்றினால் ஆளுக்கு ஒரு வெறும் பலகைதான் மிஞ்சும். அதனால் காலையில் மரிலூஸுக்கு, மதியம் ஒடேத்துக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். வேலை முடிந்ததும் கழுவி வேலிக் கம்பத்தில் மாட்டிவிட வேண்டும். முகத்தைப் பார்க்கும் தொல்லை இல்லை.

முதல் நாள் மதியம் பலகை வந்து இறங்கியதுமே சட்டி கேட்டது: "கிண்ணம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றது பலகை.

"சரி" என்று சட்டி தன் எண்ணெயைப் பார்க்கத் திரும்பிவிட்டது. பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் காலையில் கிண்ணம் கேட்டது: "சட்டி சௌக்கியமா?"

"சௌக்கியம்."

அங்கேயும் அதோடு சரி. பலகைக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை வருடமாக அதை யாரும் எதுவும் கேட்டதில்லை. இப்போது இரண்டு வீட்டிலும் வாசலிலேயே காத்திருந்து கேட்கிறார்கள். ஆனால் 'நல்லா இருக்கு' என்ற பதில் கேள்வியைக் கொன்றுவிடுகிறதே.

மூன்றாம் நாள் சட்டி கேட்டபோது பலகை கொஞ்சம் தயங்குவது போல நடித்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா உன்னைப் பத்தி ஒண்ணு சொல்லிச்சு. வேண்டாம் விடு."

சட்டி விடுமா? "என்ன சொல்லிச்சு? சும்மா சொல்லு."

"கரி பிடிச்ச கிழட்டுச் சட்டி, அதோட இத்தனை நாள் குப்பை கொட்டினதே பெரிசுன்னு சொல்லிச்சு."

அன்று சட்டி சாயங்காலம் வரை பலகையோடுதான் பேசிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் கிண்ணத்துக்கும் ஒரு பொட்டலம் தயாராக இருந்தது. "தண்ணின்னாலே துரோகம்னு சட்டி சொல்லுது. எங்க வீட்டம்மா கையைச் சுட்டது நான் இல்ல, அந்தக் கிண்ணம்தான்னு சொல்லுது."

"அப்படியா சொல்லிச்சு?" என்றது கிண்ணம். பிறகு, "அது இன்னும் முன்ன மாதிரி ஓரத்துல புகை விடுதா?" என்று கேட்டது.

இதைப் பலகை எதிர்பார்க்கவில்லை. திட்டு வாங்கிய பிறகும் நலம் விசாரிக்கும் பிறவிகளை என்ன செய்வது? அந்தக் கேள்வியை அது சட்டியிடம் கொண்டுபோகவே இல்லை. வழியில் தொலைத்துவிட்டது.

இப்படியே ஏழு வருடம் ஓடியது. பலகைக்கு ராஜ மரியாதை. வேலிக் கம்பத்தில் தொங்கும்போது மட்டும் அதற்கு ஒரு பயம் வரும். இந்த இரண்டு பெண்களும் ஒரு நாள் பேசிவிட்டால்? சட்டியும் கிண்ணமும் மறுபடி ஒரே மேடைக்கு வந்துவிட்டால்? தன்னை யார் என்ன கேட்பார்கள்?

ஒரு நாள் ஊரில் தண்ணீர் வரவில்லை. குழாயைத் திருகித் திருகிப் பார்த்த மரிலூஸ், பலகையைக் கழுவாமலே கம்பத்தில் மாட்டிவிட்டாள். கீலின் இடுக்கில் காலையில் பொரித்த வாழைக்காயில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

மதியம் சட்டி அதைப் பார்த்துவிட்டது. "யார் நீ?"

"நானா? வாழைக்காய்" என்றது துணுக்கு. "ரெண்டாவது தடவையும் நசுக்கினாங்க, இடுக்குல மாட்டிக்கிட்டேன். மத்தவங்க எல்லாம் வெந்து சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க. நீதான் சட்டியா? உன்னைப் பத்திக் கிண்ணம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"அது பச்சப்புள்ள. காலையிலதான் வந்துச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று பலகை குறுக்கே விழுந்தது.

"காலையிலதான் வந்தேன். அதனால காலையில கேட்டது மட்டும்தான் தெரியும்" என்றது துணுக்கு. "சட்டி ஓரத்துல இன்னும் புகை விடுதான்னு கேட்டுச்சு. அப்புறம் அந்த அம்மா எங்களைத் தண்ணியில முக்கி எடுத்து, ஒவ்வொருத்தரா வெள்ளைத் துணியில வச்சு ஒத்துனாங்க. 'ஒரு சொட்டு இருக்கக் கூடாது, ஒரு சொட்டு இருக்கக் கூடாது'ன்னு சொல்லிக்கிட்டே ஒத்திட்டுத்தான் மறுபடி நசுக்கினாங்க. ஏன்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?"

சட்டிக்குத் தெரியும். ஆனால் அதற்குள் ஒடேத் வந்துவிட்டாள்.

பலகை கழுவாமல் இருப்பதைக் கண்டு அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தி நுனியால் இடுக்கைச் சுரண்டினாள். துணுக்கு வெளியே வந்தது. அதோடு ஒரு வெள்ளை நூலும் வந்தது. ஒடேத் நூலைப் பிடித்து இழுத்தாள். வாழைக்காயோடு நன்றாக ஒட்டியிருந்தது. அவர்கள் வீட்டில் துண்டுகளை உதறித்தான் போடுவார்கள். துணியில் ஒத்தும் வழக்கம் அம்மாவுக்கும் கிடையாது, அக்கம்பக்கத்தில் யாருக்கும் கிடையாது. அந்த வேலை மெனக்கெட்ட வேலை. பயந்தவள்தான் செய்வாள்.

ஒடேத் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். மரிலூஸ் கொல்லையில் காலிக் குடத்தோடு நின்றாள்.

"மரி."

மரிலூஸ் திரும்பிப் பார்த்தாள். "கழுவத் தண்ணி இல்லக்கா" என்றாள். ஏழு வருடத்துக்குப் பிறகு அக்காவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"அத விடு. வாழக்காயத் துணியில ஒத்துறியா?"

"ஆமா."

"எப்பலேருந்து?"

மரிலூஸ் அக்காவின் மணிக்கட்டைப் பார்த்தாள். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை அவளுக்கு. "அன்னிக்கு அடுத்த நாள்லேருந்து."

"ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

"நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. நான் யார்கிட்டச் சொல்ல?"

ஒடேத்துக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, "ஒத்திப் போட்டா மொறுமொறுப்பு குறையாதா?" என்று கேட்டாள். அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

"கூடத்தான் செய்யுது. வந்து தின்னு பாரேன். ஆனா என் சட்டி தகரம், அடிப்பிடிக்கும். அம்மா சட்டியக் கொண்டா."

சட்டி வேலியைத் தாண்டி வந்தது. மரிலூஸின் அடுப்பு மேடையில் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே அதை வைத்தார்கள். முதலில் இரண்டுக்கும் கூச்சமாக இருந்தது. எண்ணெய் காய்ந்தது. ஓரத்தில் லேசாகப் புகை எழுந்ததைக் கிண்ணம் பார்த்துக்கொண்டே இருந்தது.

பிறகு, "என்னைத் துரோகின்னு சொன்னியாமே?" என்று மெதுவாகக் கேட்டது.

"நானா?" என்றது சட்டி. "நீதானே என்னைக் கிழட்டுச் சட்டின்னு சொன்ன?"

"நான் எப்பச் சொன்னேன்?"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு இரண்டும் ஒன்றாகப் பலகைப் பக்கம் திரும்பின.

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து ஒடேத் அதன் வாயில் ஒரு வாழைக்காய்த் துண்டை வைத்து அமுக்கினாள்.