பதின்மூன்றாம் கூண்டு

“என் ரத்தத்துலயே எழுதியிருக்கு மேடம். இனி இந்த ஆராய்ச்சி எதுக்கு?”

அருளப்பன் ஒரு காகிதத்தைக் குருவின் மேஜையில் அறைந்து வைத்தார். டம்ளரிலிருந்த டீ சிந்தியது.

குருவின் பெயர் பல்கீஸ். கல்லீரலை ஆராயும் கூடத்துக்குத் தலைவி, வயது நாற்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தேழு. பாளையங்கோட்டையில் இருபது வருஷம் உயிரியல் பாடம் நடத்திவிட்டு, இருந்த வேலையை உதறிவிட்டு இவரிடம் படிக்க வந்தவர். அதனால் குரு சீடரை ‘சார்’ என்பார், சீடர் குருவை ‘மேடம்’ என்பார். சண்டையிலும் அந்த மரியாதை குறையாது. சண்டையும் குறையாது.

“என்ன எழுதியிருக்கு?”

“ஈரல்ல கொழுப்பைத் தேக்குற மரபணு. நம்ம எலிகளுக்கு ஒரு எழுத்து மாத்தி வச்சிருக்கோமே, அதே எழுத்து எனக்குப் பிறவியிலேயே மாறியிருக்கு. அப்பா கொடுத்தது ஒண்ணு, அம்மா கொடுத்தது ஒண்ணு. ரெண்டும்.”

“யார் பாத்துச் சொன்னது?”

“நான்தான் பாத்தேன். எலி ரத்தம் பன்னிரண்டு குப்பி. பதிமூணாவதா என்னோடதை வச்சேன்.”

“யாரைக் கேட்டு வச்சீங்க?”

அருளப்பன் அதைக் காதில் வாங்கவில்லை.

“என் தங்கச்சி சாகப் போறா மேடம்.”

பல்கீஸுக்கு அது தெரியும். தங்கை செல்வராணியின் ஈரல் செத்துக்கொண்டிருந்தது. அண்ணன் தன் ஈரலில் ஒரு பாதியை வெட்டிக் கொடுப்பதாக இருந்தது. வீட்டில் வேறு யாருக்கும் ரத்தம் பொருந்தவில்லை. முந்தின நாள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் ஈரலில் கால்வாசி கொழுப்பு, கத்தி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

“அந்த டாக்டர் மூணு தடவை கேக்காரு, குடிப்பீங்களான்னு. ஒரு சொட்டு தொட்டவன் இல்ல நான். எங்கப்பாவும் தொட்டதில்ல. வயிறு வீங்கிச் செத்தாரு. கல்லறைத் தோட்டத்துல மண்ணு போடும்போதே குடிகாரன்னு பேசுனாங்க. இப்பல்லா தெரியுது யார் குத்தம்னு.”

“யார் குத்தம்?”

“இந்த எழுத்து.”

பல்கீஸ் டீயைத் துடைத்தார்.

“உங்க கட்டைவிரலைக் காட்டுங்க.”

காட்டினார்.

“இந்த விரல்லயும் அதே எழுத்து இருக்கா?”

“உடம்பு முழுக்க இருக்கும்.”

“விரல்ல ஏன் கொழுப்பு கட்டல?”

“விரல் அதை வாசிக்காது. ஈரல்தான் வாசிக்கும்.”

“எப்ப வாசிக்கும்?”

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அருளப்பனே நடத்தும் பாடம் அது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “சர்க்கரை நிறைய வந்தா இன்சுலின் ஏறும். அது போய் அந்த மரபணுவை முடுக்கிவிடும். வயிறு காஞ்சா தானா அடங்கிரும். பாடம் ஒப்பிக்கவா மேடம் வந்தேன்?”

“சாவியைக் கொடுங்க.”

எலி அறையின் சாவி அவர் கழுத்தில் தொங்கியது. வேறு யாரையும் அவர் நம்புவதில்லை. கழற்றிக் கொடுத்தார்.

உள்ளே ஐஸ் தட்டில் இரண்டு ஈரல்கள் இருந்தன. காலையில் அவரே அறுத்து எடுத்தவை. இரண்டாம் நம்பர் எலியுடையது நல்ல கருஞ்சிவப்பு. ஏழாம் நம்பருடையது பால் அதிகமான டீயின் நிறம்.

“ரெண்டுக்கும் எழுத்து?”

“ஒரே எழுத்து. அதான் சொன்னேனே.”

“ரெண்டாம் நம்பருக்கு என்ன தீனி?”

“சாதாத் தீனி.”

“ஏழாம் நம்பருக்கு?”

“சர்க்கரைத் தீனி.”

“நேத்து எவ்வளவு தின்னுச்சு?”

“மூணு புள்ளி நாலு கிராம்.” நோட்டைப் பார்க்காமலே சொன்னார். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

“நேத்து நீங்க எவ்வளவு தின்னீங்க?”

கூண்டுகளில் எலிகள் பறண்டின.

அருளப்பனுக்கு முகம் சிவந்தது. “அப்ப என் தப்புங்கீங்க. அந்த டாக்டர் குடிகாரன்னு நெனச்சாரு, நீங்க தின்னிப்பண்டாரம்ங்கீங்க. நல்லா இருக்கு மேடம்.”

“ஏழாம் நம்பர் என்ன தப்பு பண்ணுச்சு? கிண்ணத்துல இருந்ததைத் தின்னுச்சு. கிண்ணத்துல வச்சது யாரு?”

“நான்.”

“உங்க கிண்ணத்துல வைக்கிறது யாரு?”

அருளப்பன் கண்ணாடிக் கதவு வழியாகத் தன் மேஜையைப் பார்த்தார். அல்வாப் பெட்டி ஒன்று எண்ணெய் கசிந்து உட்கார்ந்திருந்தது.

ஈரல் தருகிறேன் என்று அவர் சொன்ன நாளிலிருந்து, வெள்ளிக்கிழமை தவறாமல் செல்வராணி அரைக் கிலோ அல்வா பஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தாள். படுக்கையில் கிடப்பவளால் அண்ணனுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். நாலு மாசமாக வருகிறது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பங்கு வைக்கவும் மனசு வரவில்லை. ஒவ்வொரு துண்டையும் அவரே தின்றார்.

“ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே?” என்றார் பல்கீஸ்.

சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்திருந்தார். குரு வாங்கி விரித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

“கடைசி வரி படிச்சீங்களா?”

“கொழுப்புன்னு போட்டிருந்துச்சு. அதுக்கு மேல என்ன படிக்க? நேரா இங்க வந்து ரத்தத்தை எடுத்தேன்.”

“ஆறு வாரம் உணவுக் கட்டுப்பாடு. எடை குறைந்தபின் மறுபடி ஸ்கேன் எடுத்து முடிவு செய்யலாம்.” ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். “உங்க தங்கச்சிக்கு எத்தனை நாள் சொல்லியிருக்காங்க?”

“மூணு மாசம் தாங்கும்னாங்க.”

“முந்நூறு கோடி எழுத்துல ஒரே ஒரு எழுத்தைத் தேடிப் படிக்கத் தெரியுது. தமிழ்ல ஒரு வரி படிக்கத் தெரியல. இந்தக் காகிதத்தைக் காட்டி அவகிட்ட என்ன சொல்லப் போனீங்க? எல்லாம் எழுதியிருக்கு, செத்துப் போன்னா?”

அவ்வளவு கோபத்தை அருளப்பன் அவரிடம் பார்த்ததில்லை.

“எழுத்தை அழிக்க முடியாதே மேடம்.”

“யாரு அழிக்கச் சொன்னா?”

ஒவ்வொரு கூண்டிலும் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். எண், எழுத்து, எடை, தீனி. அதைப் பார்த்துத்தான் கிண்ணத்தில் எதையும் வைக்க வேண்டும். அட்டையில்லாத கூண்டுக்கு ஒரு பருக்கைகூட வைக்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். சட்டம் போட்டவர் அருளப்பன்.

பல்கீஸ் புது அட்டை ஒன்றை எடுத்தார். எண்: பதின்மூன்று. எழுத்து: இரண்டும் மாறியவை. தீனி மூட்டை நிறுக்கும் தராசைக் காட்டினார்.

“ஏறுங்க சார்.”

“மேடம்...”

“ஏறுங்க.”

ஏறினார். எடை: எண்பத்து நாலு.

அட்டையை அருளப்பனின் சட்டைப்பையில் கிளிப் போட்டு மாட்டினார். தீனி என்ற இடத்தைக் காலியாக விட்டு, பேனாவை அவர் கையில் வைத்தார். சாவியை மறுபடி அவர் கழுத்தில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

அருளப்பன் தராசிலிருந்து இறங்கவில்லை. போன் அடித்தது. வெள்ளிக்கிழமை என்றால் இந்த நேரத்துக்கு அடிக்கும்.

“அண்ணே, அல்வா வந்திட்டா? நேத்து ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?”

அவர் குனிந்து அட்டையைப் பார்த்தார்.

“ராணி, இனிமே அல்வா அனுப்பாதே.”



“கோவமாண்ணே?”

“ஆமா. ஆறு வாரத்துக்கு.”