இரண்டு பேர் வெளியேறிய மஃரிப்

"தலைமையைக் கேட்டு வருகிறவனிடம் கொடுத்துவிடாதீர்கள். அதைக் கண்டு பயந்து ஓடுகிறவனைப் பிடித்து…"

எப்போதோ ஒரு நிக்காஹ் சபையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசியது. பிடித்து என்ன செய்யச் சொன்னார் என்பது ஜவாதுக்கு மறந்துபோயிருந்தது. முதல் பாதி மட்டும் பத்திரமாக இருந்தது. அதைத்தான் அன்று மாலை அஸர் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் இமாம் நூஹு ஹஜ்ரத்திடம் எடுத்து வைத்தார்.

ஜவாத் அந்தக் கடலோர ஊரின் ஜனாஸா சங்கத்துக்குத் தலைவர். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதும், நாதியற்ற மய்யித்தைக் குளிப்பாட்டி அடக்குவதும் சங்கத்தின் வேலை. விடிந்தால் அதற்குத் தேர்தல்.

ஹஜ்ரத் அவரைவிட வயதில் இளையவர். ஒல்லியான ஆள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் மறு வார்த்தை பேசாது. அவரோ ஜவாதை, அண்ணன் என்கிற பொருளில், வாய் நிறையக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"நல்ல பேச்சுதான் காக்கா. இப்போ கேட்டு வர்றது யாரு?"

"உபைதுல்லா."

"அவர் கேட்டாரா?"

"அவன் கேக்கலை. பையன்கள் கேக்கிறாங்க. அவன் பேரைச் சொல்லிக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்குறாங்க."

"நீங்க கேக்கிறீங்களா?"



"நான் இருக்கிறவன். இருக்கிறவன் எதுக்குக் கேக்கணும்?"

ஹஜ்ரத் தாடிக்குள் சிரித்தார்.

"ஆள்மேல குறை சொல்லலை ஹஜ்ரத். புயல் சமயத்துல அவன் இல்லேன்னா சங்கம் படுத்திருக்கும். ஆனா தலைமைங்கிறது வேற. நேத்து இஸ்லாத்துக்கு வந்தவன். ஒவ்வொரு தொழுகையிலயும் ஓதுற அல்ஹம்து சூராவோட கடைசி வார்த்தை இன்னும் அவன் வாயில வராது."

"யார் வாயில வருது?"

"விளையாடாதீங்க. 'அவசரப்பட வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்'னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஊர் அடங்கிடும். இல்லேன்னா நீங்களே சொல்லுங்க, ஒரு தலைவனுக்கு என்னதான் தகுதி?"

ஹஜ்ரத் பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் சலாம் கேட்டது.

உபைதுல்லா. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஹஜ்ரத்தின் வயிற்றுக்கு மருந்து கொண்டுவந்திருந்தார். ஊரில் ஐஸ் கம்பெனி வைத்திருந்த இன்னொரு உபைதுல்லாவும் உண்டு. அவர் ஐஸ் உபை. இவர் புது உபை.

"வா வா, புது உபை" என்றார் ஜவாத்.

"ஸ்கூட்டர் வாங்கினா ஒரு மழையில நனைஞ்சதும் பழசாயிடுது காக்கா. நான்தான் இந்த ஊர்ல இன்னும் கவர் பிரிக்காமலே இருக்கேன்."

ஜவாத் சிரித்துவிட்டார். ஹஜ்ரத் சிரிக்கவில்லை.

"ரொம்பத் திருத்துறாங்களா?"

"கைலி கட்டுறதிலேருந்து, தும்மினா என்ன சொல்லணும்கிறது வரைக்கும் ஹஜ்ரத். கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்த அன்னிக்கு வரிசையில நின்னு கட்டிப்பிடிச்சாங்க. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. மறுநாளே பரீட்சை ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன். ரிசல்ட்தான் வரலை."

மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனார்.

"பொழுது சாஞ்சதும் மஃரிப் தொழுதுட்டுப் பேசுவோம் காக்கா" என்றார் ஹஜ்ரத்.

பள்ளிவாசலின் பக்கத்து அறையில் பாய் விரித்திருந்தது. கடற்காற்று சுகமாக வந்தது. ஜவாத் கொஞ்சம் காலை நீட்டினார்.

கண் விழித்தபோது பாங்கு சொல்லி முடிந்து, ஆட்கள் எழுந்து நின்று வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

முதல் வரிசையில், இமாமுக்கு நேர் பின்னால், ஒரு இடம் காலியாக இருந்தது. ஜவாதின் இடம். அவருக்கு முன்னால் அவருடைய வாப்பா நின்ற இடம். அங்கே வேறு யாரும் போய் நிற்பதில்லை. தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு விரைந்து போய் நின்றார். கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்த உபைதுல்லா பக்கத்திலிருந்த இடைவெளியில் வந்து சேர்ந்துகொண்டார்.

தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிய பிறகுதான் ஜவாதுக்கு உறைத்தது.

படுத்துத் தூங்கி எழுந்தவனுக்கு ஒளு இல்லை. கை கால் முகம் கழுவிச் சுத்தமாகாமல் தொழுகை இல்லை. மதரஸாவுக்குப் போகும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சட்டம். இப்போதே விலகிப் போக வேண்டும்.

போவதென்றால் எல்லா வரிசையையும் தாண்டிப் போக வேண்டும். நாளைக்கு ஓட்டுப் போடப்போகிற அத்தனை பேரும் அந்த வரிசைகளில்தான் நின்றார்கள்.

வீட்டுக்குப் போய்த் திரும்பத் தொழுதுகொள்ளலாம் என்று நினைத்தார். யாருக்குத் தெரியப்போகிறது.

நின்றார்.

தொழுகையின் முதல் சுற்று, முதல் ரக்அத், முடிந்தது. இரண்டாவதுக்கு எழுந்து நின்றார்கள். ஹஜ்ரத்தின் குரல் வரவில்லை.



ஹஜ்ரத்தின் கை மெல்ல உயர்ந்து மூக்கைப் பிடித்தது.

தொழுகையின் நடுவே காற்றுப் பிரிந்து ஒளு முறிந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறுவது வழக்கம். பார்க்கிறவர்கள் மூக்கில் ரத்தம் என்று எண்ணிக்கொள்ளட்டும், அவருக்குக் கூச்சம் வேண்டாம் என்று ஒரு ஏற்பாடு. இமாமுக்கு அப்படி ஆனால், பின்னால் நிற்கிற ஒருவரைக் கைப்பிடித்து முன்னால் நிறுத்திவிட்டுப் போவார். ஜவாத் இதையெல்லாம் கேள்விப்பட்டிருந்தார். கண்ணால் பார்த்ததில்லை.

சத்தம் இல்லை. அடையாளம் இல்லை. அந்த மனிதர் அப்படியே ஓதிக்கொண்டே போயிருந்தால் ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தெரிந்திருக்காது.

ஜவாதுக்கு உச்சந்தலையிலிருந்து கால்வரை சிலிர்த்தது.

ஹஜ்ரத்தின் மற்றக் கை பின்னால் வந்தது. ஜவாதின் மணிக்கட்டைப் பற்றியது. முன்னால் இழுத்தது. விட்டது. ஹஜ்ரத் போய்விட்டார்.

ஜவாத் அரை அடி முன்னால் நின்றார்.

எதிரே இமாமின் வெறும் விரிப்பு. பின்னால் ஊர். ஹஜ்ரத்தே கைப்பிடித்து நிறுத்திய ஆளை நாளைக்கு யார் எதிர்க்க முடியும்? வாயைத் திறந்தால் போதும். அல்ஹம்து சூரா அவருக்குத் தூக்கத்திலும் வரும்.

வாய் திறக்கவில்லை.

பள்ளி காத்திருந்தது.

ஜவாத் இடக்கையால் மூக்கைப் பிடித்தார். வலக்கையால் உபைதுல்லாவின் கையைப் பற்றினார். அந்தக் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. ஒருமுறை பின்னால் இழுத்துக்கொள்ளப் பார்த்தது. ஜவாத் விடவில்லை. விரிப்பின்மேல் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வரிசைகளுக்கு நடுவே நடந்தார்.

ஒளு செய்கிற தண்ணீர்த் தொட்டியான ஹவுளின் படிக்கட்டில் ஹஜ்ரத் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தார். காலடி கேட்டு நிமிர்ந்தார்.

"நீங்களுமா?"

"தூங்கிட்டேன் ஹஜ்ரத்."

"எனக்கு மத்தியானச் சுண்டல்."

ஜவாத் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரில் கை வைத்தார்.

"யாருக்கும் தெரிஞ்சிருக்காதே ஹஜ்ரத்."

"தெரிஞ்சிருக்காது."

ஹஜ்ரத் முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒளு இல்லைன்னு தெரிஞ்சுதான் என் கையைப் பிடிச்சீங்களா?"

"என் ஒளு போனது எனக்குத் தெரியும். உங்களோடது எனக்கு எப்படிக் காக்கா தெரியும்?"

"பின்னே ஏன் என்னை?"

"கைக்கு எட்டினீங்க."

உள்ளேயிருந்து உபைதுல்லாவின் குரல் வந்தது. முதலில் காற்றாக வந்தது. அப்புறம் நடுங்கிக்கொண்டு வந்தது. அல்ஹம்து சூரா. மருந்துக்கடையில் "அடுத்து யாரு?" என்று கேட்கிற அதே குரல். ஒவ்வொரு வசனமாக, இருட்டில் படியிறங்குகிறவர் மாதிரி, காலை ஊன்றி ஊன்றிப் போனது. கடைசி வார்த்தையில் வழக்கம்போல் தடுமாறியது. எழுந்து முடித்தது.

"ஆமீன்!"

ஒற்றைத் தொண்டையிலிருந்து வந்ததுபோல் பள்ளி முழுக்க எழுந்தது அந்தச் சத்தம். அவரை வேண்டாம் என்று சொன்ன வாய்களும் அதில் இருந்தன. ஹவுளின் தண்ணீர்மேல் அது அதிர்ந்து பரவியது. ஜவாத் கழுவிக்கொண்டிருந்த காலை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சீக்கிரம் கழுவுங்க காக்கா" என்றார் ஹஜ்ரத். "இமாம் ருகூவுக்குக் குனிஞ்சிடுவார்."

இமாம் என்றார்.

உள்ளே போனார்கள். முதல் வரிசையில் ஜவாதின் இடம் மூடியிருந்தது. தோளோடு தோள் சேர்ந்திருந்தது. அங்கே ஒருவர் நின்றிருந்தார் என்பதற்குத் தடயமே இல்லை.

கடைசி வரிசையில், மீன் மார்க்கெட்டிலிருந்து நேரே வந்திருந்த இரண்டு பேருக்குப் பக்கத்தில், ஹஜ்ரத் போய் நின்றார். அவர் தோளை ஒட்டி ஜவாத் நின்றார்.

"அல்லாஹு அக்பர்" என்றது உபைதுல்லாவின் குரல்.

ஹஜ்ரத் குனிந்தார். ஊர் குனிந்தது. ஜவாத் குனிந்தார்.

தொழுகை முடிந்து, விட்டுப்போன ரக்அத்தையும் தொழுது ஜவாத் எழுந்தபோது உபைதுல்லா எதிரே வந்து நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏன் காக்கா என்னைப் பிடிச்சுத் தள்ளினீங்க? அல்ஹம்துக்கு அப்புறம் ஓத குல்ஹுவல்லாஹு சூராவைத் தவிர ஒண்ணும் ஞாபகத்துக்கு வரலை. கடைசி வார்த்தை வேற… தப்பா ஓதிட்டேனா?"

"ஆமீன் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"யாரு?"

உபைதுல்லா பதில் சொல்ல ஆரம்பித்தார். கைலி முனையால் முகத்தைத் துடைத்தார்.

"எல்லாரும் காக்கா."

ஐஸ் உபை செருப்பைத் தேடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல மூக்குல ரத்தமா? வெயில் அப்படி!"

"வெயில்தான்" என்றார் ஹஜ்ரத்.

கூட்டம் கலைந்தது. ஹஜ்ரத் மருந்துப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஜவாதின் பக்கம் வந்தார்.

"என்னமோ கேட்டீங்களே காக்கா? தலைவனுக்கு என்ன தகுதின்னு."

"ஒண்ணும் கேக்கலை ஹஜ்ரத்."

மறுநாள் காலை சங்கக் கூட்டத்தில், தலைவர் பதவிக்கு உபைதுல்லாவின் பெயரை ஜவாத் முன்மொழிந்தார்.