மைக்கைப் பார்த்து அடித்த பந்து

சூசைத்துறைக் கால்பந்து அணியில் ஆசானுக்கு முப்பத்தொரு வயது. சீடனுக்கு முப்பத்தெட்டு.

ஆசானின் பெயர் பெர்க்மான்ஸ். வெளியூர்களில் ஆடிப் பெயர் வாங்கி, முழங்கால் போய், ஊர் திரும்பியவர். அவரால் இனி பந்தை உதைக்க முடியாது. உதைக்கச் சொல்லத்தான் முடியும்.

சீடன் கிளீட்டஸ். கடலுக்குப் போகிறவன். மைதானத்துக்கு வெளியே ஆசான் அவனை "கிளீட்டஸ் அண்ணே" என்று கூப்பிடுவார். எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் "நீ". இருவருக்கும் அதில் வருத்தம் கிடையாது.

ஃப்ரீ கிக்கில் பந்தை வளைத்து அடிப்பது கிளீட்டஸின் பெருமை. கடற்கரை மைதானத்தில் அவன் அடித்தால் பந்து அரிவாள் போல வளைந்து கோலுக்குள் விழும். கரையில் மீன்வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருப்பவர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள்.

அந்தப் பெருமை அரையிறுதியில் போனது.

ஆட்டம் பாறைக்கோணத்தில், வேறோர் ஊர் அணியோடு. மலையடிவாரம், சுற்றிலும் ரப்பர் மரங்கள், ஓர் இலை அசையவில்லை. கிளீட்டஸ் அடித்த ஃப்ரீ கிக் ஒவ்வொன்றும் நூல் பிடித்ததுபோல நேராகப் போய் எதிரணியினர் தோளோடு தோள் நின்ற ஆள்சுவரில் மோதியது. கோல் கம்பத்துக்கு வலப்பக்கம், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து மைக்கில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்த சோபனராஜுக்குக் கொண்டாட்டம்.

"சூசைத்துறை அண்ணாச்சி ஆள்சுவருக்கு வெள்ளை அடிக்காரு! பாவம், கூலி குடுத்து அனுப்புங்கப்பா!"

சூசைத்துறை எப்படியோ ஒரு கோலில் தப்பித்தது. இறுதிப்போட்டி அடுத்த ஞாயிறு, அதே மைதானத்தில், பாறைக்கோணத்து அணியோடு. திரும்பி வரும் வேனில் கேப்டன் ஸ்டெல்லஸ் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, ஃபைனல்ல ஃப்ரீ கிக்கை நான் அடிக்கட்டா?"

கிளீட்டஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அடுத்த வருடம் அவன் ஆடப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் கடற்கரை மைதானத்தில் ஆசானிடம் போய் நின்றான்.

"ஆசானே, பந்து அங்க ஏன் வளையல்ல?"

"இங்க வளையுதா?"

"நீங்களே பாருங்க."

ஓடி வந்து அடித்தான். பந்து வலப்பக்கம் விலகிப் போய், இடப்பக்கம் வளைந்து, கோலுக்குள் இறங்கியது. யாரோ விசில் அடித்தார்கள்.

"நல்லாருக்கு" என்றார் ஆசான். "இனி அந்தக் கோலுக்கு அடி."

எதிர்க்கோலுக்குப் பின்னால் முள்ளுக்காடு. பந்து போனால் பஞ்சர்தான். அதனால் ஊரில் யாரும் அந்தப் பக்கம் ஃப்ரீ கிக் பழகியதே இல்லை. கிளீட்டஸ் திரும்பி நின்று அதே காலால், அதே மாதிரி அடித்தான்.

பந்து இடப்பக்கம் திரும்பவே இல்லை. வலப்பக்கமாக ஒதுங்கி முள்ளுக்குள் போனது.

"காத்து தள்ளுது ஆசானே."

"அப்போ வழக்கமான கோலுக்கு அடிக்கும்போ?"

கடற்காற்று கிளீட்டஸின் சட்டையைக் கரைப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அவன் சட்டையைப் பார்த்தான், கோலைப் பார்த்தான், மறுபடி சட்டையைப் பார்த்தான்.

"அப்போ இத்தனை வருசமா வளைச்சது நானில்லையா?"

"நாளைக்கு ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால வா" என்றார் ஆசான்.

ஐஸ் பிளாண்டின் பின்பக்கம் உயரமான மதில். உள்ளே காற்று நுழையாது. ஐஸ் உருகிய தண்ணீர் வழிந்து தரை எப்போதும் சேறாகக் கிடக்கும். ஆசான் காலி மீன்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி ஒரு சுவர் கட்டியிருந்தார். அதற்கப்பால், மதிலை ஒட்டி, முறிந்த துடுப்பு ஒன்றை நட்டு வைத்திருந்தார்.

"கோல் எங்க ஆசானே?"

"கோல் இல்ல. துடுப்பை அடி."

பெட்டிச் சுவரின் வலது ஓரத்தைத் தாண்டினால் துடுப்பு. கிளீட்டஸ் அடித்தான். டொக்கென்று பட்டது.

"பாத்தீங்களா!"

ஆசான் பந்தை எடுத்து, கொஞ்சம் சுண்ணாம்பை விரலில் தொட்டு, அதன் வலப்பக்கம், நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு பொட்டு வைத்தார்.

"இங்க அடி. பெருவிரல் எலும்பு இருக்குல்லா, அதோட உள்பக்கத்தால. குத்தாத. வழிச்சு எடு."

கிளீட்டஸ் அடித்தான். துடுப்பில் பட்டது. ஆசான் அவன் பூட்ஸைக் காட்டினார். அதில் வெள்ளையே இல்லை.

மறுபடி அடித்தான். வெள்ளை பூட்ஸின் நுனியில் ஒட்டியிருந்தது. பந்து மீன்பெட்டிகளைச் சரித்துவிட்டது. பெட்டிகளை அடுக்கினான். அடித்தான். மறுபடி அடுக்கினான்.

"ஆசானே, நான் கடலுக்குப் போறவன். பெட்டி அடுக்க வேற ஆளு உண்டு."

"அப்போ சரியா அடி."

இப்படியே நாட்கள் போயின. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளீட்டஸ் அடித்த ஒரு அடியில் சத்தமே வேறு மாதிரி கேட்டது. குனிந்து பூட்ஸைப் பார்த்தான். பெருவிரல் எலும்புக்கு நேரே, காசு போல வட்டமாக வெள்ளை. நிமிர்ந்தான். பந்து துடுப்பை நோக்கிப் போனது. போய்க்கொண்டே இருந்தது. கடைசி நேரத்தில், யாரோ கூப்பிட்டதுபோல, இடப்பக்கம் திரும்பி மதிலில் மோதியது.

"சே!"

"இன்னொண்ணு" என்றார் ஆசான். அவர் குரல் மாறியிருந்தது.

அடுத்ததும் அப்படியே. சுண்ணாம்பு சரியாக ஒட்டியது. பந்து துடுப்பை விட்டு விலகியது. கிளீட்டஸுக்குக் கோபம் வந்தது. துடுப்புக்கு இன்னும் வலப்பக்கம் குறி வைத்து அடித்தான். பந்து வளைந்து வந்து துடுப்பில் பட்டது.

"அடிச்சாச்சு!"

"யாரை ஏமாத்துற? உன்னைத் துடுப்பைப் பாத்து அடிக்கச் சொன்னேன்."

"துடுப்பைப் பாத்து அடிச்சா படவே மாட்டேங்குது ஆசானே!"

"படலைன்னா பரவால்ல. நீ அதைப் பாத்தே அடி."

கிளீட்டஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். துடுப்பை மட்டும் பார்த்தான். ஒரு பந்துகூடத் துடுப்பில் படவில்லை. இருட்டும் நேரத்தில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நாளை மறுநாள் ஃபைனல். ஒரு துடுப்பை அடிக்க முடியல்ல. ஸ்டெல்லஸே அடிக்கட்டும்."

ஆசான் நொண்டிக்கொண்டே மதிலுக்குப் போனார். அங்கே, துடுப்புக்கு இடப்பக்கம், சேற்றுப் பந்து விட்ட அடையாளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன, ஒரே இடத்தில் மொய்த்த ஈக்கள் போல. ஆசான் மிச்சமிருந்த சுண்ணாம்பை எடுத்து, அந்த அடையாளங்களுக்கு வலப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். தலைக்கு மேலே குறுக்காக ஒரு கோடு. தூரத்தில், இடப்பக்கம், இன்னொரு கோடு.

மதிலில் ஒரு கோல் நின்றது. அடையாளங்கள் அத்தனையும் அதன் வலது மூலைக்குள் இருந்தன. துடுப்பு கோலுக்கு வெளியே நின்றது.

கிளீட்டஸ் எழுந்தான். மதிலருகே போய் ஒவ்வொரு அடையாளத்தையும் தொட்டுப் பார்த்தான். பிறகு சேற்றுக் கையோடு ஆசானைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான்.

"கால்! லே, என் காலு!" என்று அலறினார் ஆசான்.

கிளம்பும்போது கிளீட்டஸ் கேட்டான். "அங்க துடுப்பு இருக்காதே ஆசானே?"

"நீயே ஒண்ணு நட்டுக்க."

ஞாயிறு. பாறைக்கோணத்தில் ரப்பர் மரத்துக் கிளைகளில்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரு அணிக்கும் ஒவ்வொரு கோல். முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது, கோலுக்கு நேரே, ஸ்டெல்லஸைக் காலை வாரி விழத்தட்டினார்கள். ரெஃப்ரி விசில் ஊதினார்.

ஸ்டெல்லஸ் எழுந்து பந்தை எடுத்தான். கோட்டுக்கு வெளியே நின்ற ஆசானைப் பார்த்தான். ஆசான் கிளீட்டஸைக் கை காட்டினார். ஸ்டெல்லஸ் ஒரு நொடி தயங்கி, பந்தைக் கிளீட்டஸ் கையில் கொடுத்தான்.

"அண்ணே, இதுதான் கடைசி."

மைக் அலறியது. "வந்துட்டாரு நம்ம வெள்ளையடிக்கிற அண்ணாச்சி! சுவர் ரெடியா?"

"ரெடி!" என்று ஆள்சுவரே பதில் சொன்னது. கூட்டம் சிரித்தது. சுவர் கோலின் வலது பாதியை மறைத்தது. கோலைக் காக்கும் கோலி இடது பாதியில் நின்றான்.

கிளீட்டஸ் பந்தை வைத்தான். அதன் காற்றடைக்கும் வால்வை ஒரு பக்கம் திருப்பினான். சுண்ணாம்புப் பொட்டு இல்லாத இடத்தில் பொட்டைப் பார்த்தான். நிமிர்ந்தான். வலது கம்பத்துக்கு வெளியே துடுப்பைத் தேடினான். அந்த இடத்தில் நீலத் தார்ப்பாய். அதன் கீழே ஸ்டூல். ஸ்டூலில் சோபனராஜ்.

கிளீட்டஸ் அவரையே பார்த்தான்.

"அண்ணாச்சி கோலைப் பாக்கல்ல" என்றது மைக். "என்னையே பாக்காரு. நான் என்னய்யா செஞ்சேன்? ஓடி வாராரு... அடிச்சாச்சு! சுவரைத் தாண்டியாச்சு! ஆனா வெளியே... வெளியே போவுது... கோலி சும்மா நிக்கான்... பந்து என் பக்கமா... எம்மோ!"

மைக் கீழே விழுந்து கீச்சிட்டது. சோபனராஜ் ஸ்டூலோடு தரையில் கிடந்தார். பந்து அவரிடம் வரவில்லை. கம்பத்தின் உள்பக்கத்தை உரசிக்கொண்டு வலையில் தொங்கியது. கோலி நின்ற இடத்திலேயே நின்றான்.

சூசைத்துறை மொத்தமும் கோட்டைத் தாண்டி ஓடியது.

ஆட்டம் முடிந்து, கிளீட்டஸைத் தோளிலிருந்து இறக்கியபோது, சோபனராஜ் முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டே மைக்கோடு வந்தார்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி. அந்தப் பந்தை எங்க பாத்து அடிச்சீரு?"

"உம்மளைப் பாத்துதான்."

ஸ்பீக்கரில் அதைக் கேட்டு ரப்பர் மரங்கள் வரைக்கும் சிரிப்பு.

"விளையாடாதேயும். உண்மையைச் சொல்லும்."

"சத்தியமா உம்மளைப் பாத்துதான் அடிச்சேன்."

"பிறகு எப்படிய்யா கோலுக்குள்ள போச்சு?"

கிளீட்டஸ் ஆசானைத் திரும்பிப் பார்த்தான்.

ஆசான் நொண்டிக்கொண்டே வந்து மைக்கிடம் குனிந்தார்.

"கிளீட்டஸ் அண்ணன் பொய் சொல்லல்ல. முழு மனசோட உம்ம மேலதான் அடிச்சாரு. ஓரக்கண்ணால கோலைப் பாத்திருந்தா, சுவர்லதான் பட்டிருக்கும்."