ஜீப் நின்ற இடம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஜீப் ஓட்டிய ஜோசப் அண்ணன் சொன்னது. கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம்.

மலைச்சரிவில் இருந்த குடிசைகளை அடிவாரக் காட்டுக்கு மாற்றச் சொல்லி வனத்துறை ரேஞ்சர் வந்தார்.

"அருமையான சமதளம். மரமெல்லாம் தானாவே விழுந்து கிடக்கு, வெட்டற வேலைகூட இல்ல. சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் இறங்கிடணும்."

"மரத்தாலயே அங்க நிக்க முடியலயே சார்," என்றாள் குடிசைக்காரி நஞ்சி.

"எதிர்த்துப் பேசாதே."

"சரிங்க சார். ஜீப்பை அங்க நிறுத்தி வையுங்க. அதை அடையாளமா வச்சு வரிசையா குடிசை போட்டுக்கறோம்."

ரேஞ்சருக்குப் பெருமை. காய்ந்த சருகின் மேல் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, அதிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். மேலே நஞ்சி தன் கூரையை ஒவ்வொரு புல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் விழித்தபோது, சருகுக்கு அடியிலிருந்த சாம்பல்நிறச் சேறு சக்கரங்களைப் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது. இறங்கினார். ஷூவும் உள்ளே போனது.

"கயிறு கட்டி மேல இழுங்க," என்று கத்தினார்.

"இழுக்கறோம் சார். ஆனா நாங்களும் கீழ வந்துட்டா, அடுத்த தடவை மேலருந்து இழுக்க யாரு இருப்பா?" என்றாள் நஞ்சி மேலிருந்து.

ரேஞ்சர் ஒற்றைக் காலில் நின்று யோசித்தார். "சரி, நீங்க அங்கேயே இருங்க."

பிறகுதான் கயிறு இறங்கியது.

பின்னாளில் போய்த் தோண்டிப் பார்த்தேன். சாம்பல் மண், நடுநடுவே துருநிறப் புள்ளிகள். நீர் வடியாமல் தேங்கும் மண் அப்படித்தான் இருக்கும் என்கிறது என் மண்ணியல் பாடநூல். ஷூ கிடைக்கவில்லை. ஆனால் நஞ்சி சொன்னது மிகையில்லை: விழுந்த மரங்களின் வேர் ஒரு முழத்துக்குக் கீழே போகவே இல்லை.