பாகல் விதை வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் விதைகளுக்கும் வாய் இருந்தது. விதைக்கக் கையில் எடுத்ததும், மழை பெய்துவிட்டதா என்று விதை கேட்கும். ஆமாம் என்றால் மறுநாளே முளைவிடும், இல்லை என்றால் திரும்பத் தூங்கிவிடும். விதையிடம் பொய் சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை.

பிறகு ஒரு பெரும் பஞ்சம் வந்தது. கிணறுகள் வற்றின. கொல்லையில் நின்ற முருங்கைகூட ஓர் இலையில்லாமல் மொட்டையாக நின்றது. ஒச்சாயி என்பவள் வீட்டில் மிஞ்சியது ஒரு கலயம் பாகல் விதையும், பசியில் சுருண்டு கிடந்த மகள் மாயக்காவும்தான். விதையை வேகவைத்துப் பார்த்தாள், வேகவில்லை. துளிராக வந்தால் பிள்ளைக்குக் கஞ்சியில் போடலாம் என்று நினைத்தாள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அவளிடம் பறப்பதற்கு உண்மை ஒன்றுதான் பாக்கி இருந்தது.

குடிக்க வைத்திருந்த தண்ணீரை மண்ணில் தெளித்துவிட்டு விதைகளை அள்ளினாள்.

"ஆத்தா, மழை பேஞ்சிருச்சா?"

"பேஞ்சிருச்சு. எந்திரிச்சு வாங்க."

நம்பி வந்தன, பாவம். இரண்டு இலை விட்டதும் வேரோடு பிடுங்கிக் கொதிக்கிற பானையில் போட்டாள். அவை கத்தியது கலயத்தின் அடியில் மிச்சமிருந்த விதைகளுக்குக் கேட்டது. மாயக்கா அந்தக் கசப்பை ஒரு வாய் குடித்தாள், கக்கினாள், பொழுது சாய்வதற்குள் செத்துப்போனாள்.

அதற்குப் பிறகு நிஜமாகவே மழை பெய்தது. ஊரில் வேறு விதை இல்லை. மிச்ச விதைகளை எடுத்து, மழை பெய்துவிட்டது என்று ஒச்சாயி அழுது அழுது சொன்னாள். அவை வாயே திறக்கவில்லை. மேலோட்டை இறுக்கிக்கொண்டு கிடந்தன.

மழையில் துளிர்த்திருந்த முருங்கை அவளைக் கூப்பிட்டது.

"ஒன் வாய இனிமே அதுக நம்பாது. என் இலையக் கசக்கிச் சாறு புழிஞ்சு அதுல ஊறப்போடு. மழையில்லாம எனக்கு இலை ஏதுன்னு அதுகளுக்குத் தெரியும்."

"என்னைய மன்னிச்சிருமா?"

"மொளைக்கும். மன்னிக்கிறது வேற."

சாற்றில் ஊறிய விதைகள் பச்சையை ருசித்துப் பார்த்து மெல்ல ஓடு திறந்து முளைவிட்டன. ஊர் பிழைத்தது. ஒச்சாயி அந்தக் காயைக் கடைசிவரை தொடவில்லை.

அன்றிலிருந்துதான் பாகல் விதையை இலைச்சாற்றில் ஊறப்போட்டு விதைக்கிறோம். மழை பெய்ததா என்று மனிதர் யாரிடமும் அது கேட்பதில்லை.