மாப்பிள்ளைக் கண்ணாடியில் பச்சை நின்ற கதை

அந்தக் காலத்தில், மரத்துக்கு மரம் பேச்சும் கேலியுமாக இருந்தபோது, தேவாங்குக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் மாப்பிள்ளையின் கண்ணை நேருக்கு நேர் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தாம்பூலம் மாற்ற மாட்டார்கள்.

பூவாயியைப் பெண் பார்க்க வந்த செம்பனோ மூக்குக்கண்ணாடி போட்டவன். பூவாயி எட்டிப் பார்த்தாள். கண்ணா தெரிந்தது? வெயிலும் இரண்டு புளியமரமும்தான் தெரிந்தன!

"அதைக் கழட்டுங்க மாப்பிள்ளை" என்றார் அவள் அப்பா.

பாவம், கழற்றினான். கழற்றிய கையோடு, மாமனார் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த பலாப்பழத்தைத் தொட்டுக் கும்பிட்டான். "ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா!" கிளையெல்லாம் ஒரே சிரிப்பு. அவசரமாக மறுபடி மாட்டிக்கொண்டு தலை குனிந்துகொண்டான்.

"மாறுகண்ணை மறைக்கிறான்! பொழுது சாயறதுக்குள்ள கண்ணைக் காட்டலேன்னா நடையைக் கட்டட்டும்" என்றார் அப்பா.

பலாப்பழத்துக்கே இவ்வளவு மரியாதை தருகிறவனைப் பூவாயிக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. கண்ணாடி மேல் நின்ற வெயிலையே பிடித்துக் கேட்டாள்: "ஏம்ப்பா, பேசாம உள்ளே போனா என்ன?"

"முக்கால்வாசிப் பேர் உள்ளேதான் போறோம் தாயி. சில பேர் கண்ணாடி வாசலைத் தொட்டதும் திரும்பிடறாங்க. அதுதான் மினுக்கு. வாசல் மேல இன்னொரு வாசல் வை, ரொம்ப மெல்லிசா. நாங்க அலை மாதிரி எழும்பி அமுங்கித்தான் நடக்கறோம். மேல்வாசல்ல திரும்பினவன் எழும்பும்போது கீழ்வாசல்ல திரும்பினவன் அமுங்கணும். ஒருத்தன் ஆட்டத்தை ஒருத்தன் அடக்கிடுவான். அப்புறம் எல்லாரும் உள்ளேதான்."

பூவாயி வேப்பம்பிசினைக் கரைத்து அவன் கண்ணாடி மேல் தடவினாள். தடிப்பாகிவிட்டது, மினுக்கு போகவில்லை. பொழுதோ இறங்கிக்கொண்டே இருந்தது. துடைத்தாள், துடைத்தாள், பிசின் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் வருமளவுக்குத் துடைத்தாள். புளியமரங்கள் மறைந்தன. வெயிலில் இருந்த சிவப்பும் நீலமும் சமர்த்தாக உள்ளே போய்விட்டன. பச்சையில் மட்டும் துளி, "கல்யாணம் பார்க்காம நான் வரமாட்டேன்" என்று வாசலிலேயே நின்றுகொண்டது.

கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பெரிய கண்கள். மாறுகண்ணாவது மண்ணாங்கட்டியாவது! இரண்டும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தன.

"அப்பா, தாம்பூலத்தை மாத்துங்க!" என்று கத்தினாள் பூவாயி.

அன்று முதல்தான், பூச்சுப் போட்ட மூக்குக்கண்ணாடியைச் சாய்த்தால் இளம்பச்சை மின்னுகிறது. நேரே பார்த்தாலோ, போட்டிருப்பவர் கண்ணில் இருக்கும் ஆசைகூட எதிரே நிற்பவருக்கு அப்படியே தெரிந்துவிடுகிறது.