ஊர்ப்பொதுப் பனி

ஆல்ப்ஸ் மலையில், மேகமே மூச்சு வாங்கி உட்காருகிற உயரத்தில், கிம்மல்டால் என்று ஓர் ஊர் இருந்ததாம். பதினொரு வீடு, ஒரு மாதா கோயில். புத்தி ஊருக்குப் பொது. ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருந்தார்கள். இன்றைக்கு யார் முறை என்பதுதான் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்பிள்ளை கஸ்பாரின் பெண்டாட்டி அப்போலோனியாவுக்கு ஆறு வாரக் கைக்குழந்தை. பெண் பிள்ளை. இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை, பேரும் இல்லை. அடிவாரத்துச் சாமியார் கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு ஒரு தடவைதான் மலையேறுவார். பேரில்லாத பிள்ளையை வானத்திலிருந்து வருகிற காவல் சம்மனசு எப்படி அடையாளம் கண்டுபிடிக்கும்? பிள்ளை தும்மினால் அவளுக்கு ஈரக்குலை நடுங்கும்; தும்மாவிட்டால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் சாமியாரின் கடுதாசி வந்தது. "நாளை மதியம் வருகிறேன். இருட்டுமுன் திரும்ப வேண்டும். போன தடவை வழுக்கி விழுந்த இடம் இன்னும் வலிக்கிறது. பாலத்திலிருந்து கோயில் வாசல் வரை ஒரு பிடி பனிகூட இருக்கக் கூடாது. இருந்தால் பாலத்தோடு திரும்பிவிடுவேன்."

ஊர் கூடியது.

"ஒரு பிடின்னா யார் பிடி?" என்று கேட்டார் ஊர்த்தலைவர் ஜிகிஸ்மண்ட்.

"என் பிடின்னு வெச்சுக்குங்க," என்றான் மாடு வளர்க்கிற வெண்டலின். அவன் கை முறம் மாதிரி இருக்கும். "அதுக்குக் குறைஞ்சு கிடந்தா பரவாயில்லைன்னு விட்டுடலாம்."

"சாமியார் கண்டிப்பானவர். ஊர்லயே சின்னப் பிடி எதுவோ அதான் அளவு," என்றார் ஜிகிஸ்மண்ட்.

எல்லோரும் திரும்பி அப்போலோனியாவின் மடியைப் பார்த்தார்கள்.

"ஐயையோ, பிள்ளைக்குச் சளி பிடிச்சுக்கும்!" என்று அவள் போர்வையை இழுத்து மூடினாள். அப்புறம் ஒரு அக்ரூட் ஓட்டை எடுத்து நீட்டினாள். "இதுக்குள்ள அவ கை சரியா அடங்கும். இதை வெச்சு அளந்துக்குங்க."

மறுநாள் காலை வேலை தொடங்கியது. கஸ்பார் முதல் கூடைப் பனியைப் பக்கத்திலிருந்த வெண்டலினின் புல்வெளியில் கொட்டப் போனான்.

"நிறுத்து!" என்று கத்தினார் ஜிகிஸ்மண்ட். "பாதை ஊர்ப்பொது. அதுல விழுந்த பனியும் ஊர்ப்பொது. அங்கே கொட்டினா வசந்தத்துல உருகி வெண்டலின் புல்லு மட்டும் வளரும், அவன் மாடு மட்டும் கறக்கும்."

"எனக்கு வேண்டாம்பா," என்றான் வெண்டலின். "நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

"அப்போ ஊருக்குப் பொதுவான இடம் எது?"

யோசித்தார்கள். அன்றைக்கு கஸ்பாரின் முறை போலிருக்கிறது. "கோயில்," என்றான்.

அள்ளினார்கள். பெஞ்சுகள் மறைந்தன, பீடம் மறைந்தது, கிறிஸ்துமஸ் குடிலில் சூசையப்பர் தலை கொஞ்ச நேரம் தெரிந்து அதுவும் மறைந்தது. மிச்சத்தை அக்ரூட் ஓட்டால் அளந்து அளந்து பொறுக்கினார்கள். கடைசிக் கூடையைத் திணித்து, கதவை முதுகால் அழுத்திச் சாத்தினான் கஸ்பார்.

மதியம் சாமியார் வந்தார். பாதையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு பாதையை நான் எங்கேயும் கண்டதில்லை," என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். எதிரே வெள்ளைச் சுவர். அதில் கதவின் பலகை, தாழ்ப்பாள், சாவித்துவாரம் எல்லாம் அச்சு அசலாகப் பதிந்திருந்தன.

"என்ன இது?"

"பனி, சாமி," என்றான் கஸ்பார், அடிவாரத்துக்காரருக்குத் தெரியாதோ என்னவோ என்று.

"நான் உள்ளே போகணுமே?"

"உள்ளே இடமில்லையே, சாமி."

நாளை கிறிஸ்துமஸ் என்பதால், வாய்வரைக்கும் வந்ததைச் சாமியார் விழுங்கிக்கொண்டு பாலத்தின் பக்கம் திரும்பினார்.

அப்போலோனியா ஓடிப் போய்க் குறுக்கே நின்றாள். "சாமி, என் பிள்ளைக்கு ஒரு பேர் வெச்சுட்டுப் போங்க! ஈஸ்டர் வரைக்கும் நான் எப்படித் தூங்குவேன்?"

அவள் முகத்தைப் பார்த்துச் சாமியார் இளகினார். "சரி, மாட்டுத்தொழுவம் போதும். தண்ணி எங்கே?"

ஓடை உறைந்து கிடந்தது. அவள் கோயில் வாசலுக்குப் போய்க் கிண்ணத்தால் பனியைச் சுரண்டினாள். ஜிகிஸ்மண்ட் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது ஊர்ப்பொது."

"ஒரு கிண்ணம்தானே மாமா!"

"இன்னிக்கு உன் பிள்ளைக்கு ஒரு கிண்ணம். நாளைக்கு ஆளாளுக்குக் கிண்ணத்தோட நிப்பாங்க."

சூரியன் மலைமுகட்டைத் தொட்டது. சாமியார் குல்லாயை மாட்டினார். அப்போலோனியா கிண்ணத்தை விடவில்லை. "அப்படின்னா பிள்ளையும் ஊர்ப்பொதுன்னு வெச்சுக்குங்க!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

ஊர் யோசித்தது. "பொதுப் பனி, பொதுப் பிள்ளைக்கு," என்றார் ஜிகிஸ்மண்ட். "பொருந்துது."

பொதுப் பிள்ளை என்றால் வீட்டுக்கு ஒரு பேர். பதினொரு பேர். ஏழாவது பேர் வருமுன் கிண்ணத் தண்ணீர் உறைந்துவிட, மறுபடி அடுப்பில் வைத்து உருக்கினார்கள். முடிந்ததும் சாமியார் பாதையில் ஓட்டமாய் இறங்கினார். பிள்ளை ஒரு தும்மல் போட்டது. அப்போலோனியா நடுங்கவில்லை.

அப்புறம்தான் பத்து வீட்டாரும் அவள் வாசலில் வரிசையாக நிற்பதைக் கண்டாள்.

"பிள்ளையில எங்க பங்கு?" என்றார் ஜிகிஸ்மண்ட். "பதினோரு நாளைக்கு ஒரு நாள் எங்க வீட்டுல இருக்கட்டும். தொட்டிலோட தூக்கிட்டுப் போறோம்."

அவள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"மாமா, பொது மாட்டை வீட்டுக்கு வீடு பிரிப்பீங்களா, பாலைப் பிரிப்பீங்களா?"

"பாலைத்தான்."

"அப்போ பிள்ளை இங்கேயே இருக்கட்டும். அதுகிட்ட இருந்து வர்றதைப் பிரிச்சுக்குங்க."

காலையிலிருந்து அலச நேரமில்லாமல் கிடந்த பிள்ளைத் துணியை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். துவைத்துக் காயவைத்துத் திருப்பித் தர வேண்டும், தினமும் புதுப் பங்கு உண்டு என்றாள். ஆண்கள் தொப்பியைக் கழற்றி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சற்று நேரத்தில் வெண்டலின் மட்டும் திரும்பி வந்தான். முகம் தொங்கிக் கிடந்தது.

"இது என்ன நியாயம், தங்கச்சி? தலைவருக்குச் சொட்டச் சொட்டக் கொடுத்திருக்கே. என் பங்கு காஞ்சு கிடக்குதே!"

அப்போலோனியா பிள்ளையின் அடியில் கைவிட்டுப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே, உட்காருங்க. இப்பத்தான் பால் குடிச்சிருக்கா."

வெண்டலின் துணியை மடியில் விரித்துக்கொண்டு, நிம்மதியாக உட்கார்ந்தான்.